10 படி ஏணியில் நீங்கள் எந்தப் படி? சர்வேக்குப் போன இடத்தில் கேட்ட இரண்டு பதில்கள்

#1 பெரம்பூர்க்காரி (ஞாயிறு, இரவு 9:10)

எல்லோருக்கும் வணக்கம். வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்புவதுதான் என் வேலை, 11 வருஷமாக. ரேஷன் கார்டு, தண்ணீர், கேஸ், கடன், பிள்ளைகள் படிப்பு எல்லாம் கேட்டு முடித்ததும் சில சர்வேக்களில் கடைசிப் பக்கத்தில் ஒரு ஏணி வரும். அடியில் 0, உச்சியில் 10. உங்களுக்கு அமையக்கூடிய மிக நல்ல வாழ்க்கை உச்சிப்படி, மிக மோசமானது அடிப்படி என்று வைத்துக்கொண்டால் இன்றைக்கு நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். எண்ணை எழுதிக்கொண்டு நன்றி சொல்லிக் கிளம்ப வேண்டும். காரணம் கேட்கக் கட்டமே கிடையாது.

போன வாரம் ஒரே நாளில் இரண்டு இடம். காலையில் பெரும்பாக்கத்து எட்டு மாடிக் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு, சாயங்காலம் ஓ.எம்.ஆரில் நீச்சல் குளம் வைத்த அடுக்ககம். பெரும்பாக்கத்தில் ஓர் அக்கா, 42 வயது, ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை, வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது, இரண்டு பிள்ளைகள். லிஃப்ட் வேலை செய்யாததால் ஐந்தாவது மாடிக்குக் குடம் தூக்கி வந்து இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே "ஏழு போட்டுக்கம்மா" என்றார். அடுக்ககத்தில் ஒரு சார், அந்த அக்காவின் ஒரு வருஷச் சம்பளத்தை ஒரே மாதத்தில் வாங்குகிறவர், ரொம்ப நேரம் யோசித்து 5 சொன்னார்.

ஃபார்மில் இல்லாவிட்டாலும் இரண்டு பேரிடமும் ஏன் என்று கேட்டேன். அந்த அக்கா சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டு ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். தண்டல் அட்டை, தினம் தினம் கட்டி அடைக்கும் வட்டிக் கடனுக்கானது. பத்தாயிரம் என்று பேச்சு, கையில் கொடுத்தது எட்டாயிரத்து ஐந்நூறு, தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள். நூறு கட்டத்திலும் கையெழுத்து விழுந்திருந்தது. கடைசிக் கட்டத்தில் போன மாதத் தேதி. இரண்டு வருஷமாக ஓர் அட்டை முடிவதற்குள் அடுத்த அட்டை ஆரம்பித்துவிடுமாம், இப்போதுதான் முதல்முறையாகப் புது அட்டை இல்லாத மாதம். "போன வருஷம் கேட்டிருந்தா மூணுதான் சொல்லியிருப்பேன்" என்றார். அந்த சாருக்கு டீமில் இரண்டு பேரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள், வீட்டுக் கடன் இன்னும் 17 வருஷம் இருக்கிறது.

எண்ணை மட்டும் கணினியில் ஏற்றினால் 7, 5. இதைப் பார்க்கிற யாரோ ஒருவர் ஏழைதான் நிம்மதியாக இருக்கிறாள் என்று எழுதிவிடுவார். எனக்கு அது பொறுக்கவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? உங்கள் படி எது, ஏன்?

#2 எளிமை விரும்பி (இரவு 9:48)

ஏழைதான் நிம்மதியாக இருக்கிறாள் என்பது உங்களுக்குப் பொறுக்கவில்லை, ஆனால் அதுதான் உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது. போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? என் தாத்தா திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நாலு வேட்டியோடு 84 வயது வரை வாழ்ந்தார், ஒரு நாளும் குறை சொன்னதில்லை. நான் அண்ணாநகரில் இருந்துகொண்டு தினமும் ஏதோ ஒன்று குறைகிறது என்று நினைக்கிறேன். கொல்கத்தாவில் நடைபாதையில் வாழ்பவர்களையும் குடிசைவாசிகளையும் கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது, அவர்களும் திருப்தியாகத்தான் இருந்தார்கள் என்று படித்தேன். ஆசை கூடக் கூடத் திருப்தி குறையும், வருமானத்துக்கும் இதற்கும் பெரிய தொடர்பு இல்லை என்பது என் கருத்து.

#3 துரைப்பாக்கத்தான் (இரவு 10:15)

அக்கா, நீங்கள் பார்த்த அந்த ஆள் நானில்லை, ஆனால் என் பதிலும் 5தான்.

சம்பளம் வருகிறது, முதல் தேதியே வருகிறது, ஐந்தாம் தேதிக்குள் வீட்டுக் கடன், கார் கடன், பள்ளிக்கூட ஃபீஸுக்கு ஒதுக்குவது, ஊரில் அப்பா அம்மாவுக்கு அனுப்புவது என்று எல்லாம் போய் மிச்சம் இருப்பதைப் பார்த்தால் வேலையில் சேர்ந்த முதல் வருஷத்தில் மேட்டுக்குப்பத்தில் நாலு பேர் ஒரே ரூமில் இருந்தபோது கையில் நின்ற அதே தொகைதான் நிற்கிறது போல ஓர் உணர்வு. அது உண்மையில்லை என்று கணக்குப் போட்டால் தெரியும், ஆனாலும் அப்படித்தான் தோன்றுகிறது. காலேஜ் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவன் கனடாவில் வீடு வாங்கின படத்தைப் போட்டான். அன்றைக்குக் காலை வரை எனக்குப் பிடித்திருந்த என் பால்கனி மத்தியானத்துக்குள் சின்னதாகிவிட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

அதே சமயம் ஒன்று சொல்ல வேண்டும். நான் 5, அந்த அக்கா 7. இருந்தும் அவரோடு இடம் மாற்றிக்கொள்ளச் சொன்னால் நான் மாட்டேன். அவரைக் கேட்டால் உடனே மாற்றிக்கொள்வார். அப்படியானால் அந்த 7 என் 5ஐ விட மேல் என்று எப்படிச் சொல்ல முடியும்?

#4 வாத்தியார் (இரவு 11:02)

பொருளியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன், தாம்பரம் பக்கம் இருக்கிறேன். தம்பி கேட்ட கடைசிக் கேள்விதான் இந்தத் துறையின் அடிவயிறு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஏணியை உருவாக்கியவர் ஹேட்லி கேன்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர், 1965இல் வந்த அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. வருஷா வருஷம் மார்ச்சில் "உலகின் மகிழ்ச்சியான நாடு பின்லாந்து, இந்தியாவுக்கு இத்தனையாவது இடம்" என்று செய்தி வருகிறதே, 2025இல் 147 நாடுகளில் 118, அந்தப் பட்டியலும் இதே ஏணிக் கேள்வியின் சராசரிதான். யாரும் சிரிப்பை எண்ணிப் பார்க்கவில்லை.

எளிமை விரும்பிக்கு: கொல்கத்தா ஆய்வு 2001இல் வந்தது, பேசியது 83 பேரிடம். குடும்பம், நண்பர்கள், தன் ஒழுக்கம் என்று தனித்தனியாகக் கேட்டபோது திருப்தி என்றார்கள், அது சரி. ஆனால் மொத்த வாழ்க்கையைப் பற்றிக் கேட்டபோது சராசரி நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் நின்றது. எதிர்பார்த்த அளவு மோசமில்லை என்பதுதான் அதன் செய்தி. நன்றாக இருக்கிறார்கள் என்று அது சொல்லவில்லை. இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் என்ற பொருளியலாளர். 1974இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு நாட்டுக்குள் ஒரு சமயத்தில் பார்த்தால் வசதியானவர்கள் வசதியில்லாதவர்களை விட அதிகத் திருப்தியோடு இருக்கிறார்கள், ஆனால் காலப்போக்கில் நாடு முழுக்க வருமானம் ஏறினாலும் சராசரித் திருப்தி அதற்கேற்ப ஏறுவதில்லை என்றார். அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது தம்பியின் பால்கனிதான். பக்கத்து வீட்டுப் பால்கனியும் கூடவே பெரிதாகிறது. 2008இல் ஸ்டீவன்சன், வூல்ஃபர்ஸ் என்ற இருவர் இதை மறுத்து, வருமானம் கூடக் கூடத் திருப்தியும் கூடிக்கொண்டுதான் போகிறது, ஆனால் இரட்டிப்பாவதுதான் கணக்கு என்றார்கள். அதாவது 10 ஆயிரம் வாங்குபவர் 20 ஆயிரம் வாங்கும்போது ஏறும் படியும், 1 லட்சம் வாங்குபவர் 2 லட்சம் வாங்கும்போது ஏறும் படியும் ஏறக்குறைய ஒன்று. பத்தாயிரம் ரூபாய் பெரும்பாக்கத்தில் செய்யும் வேலையைச் செய்ய ஓ.எம்.ஆர் அடுக்ககத்தில் ஒரு லட்சம் தேவை. சண்டை இன்னும் ஓயவில்லை, ஆனால் ஒரு நாட்டுக்குள் ஏழைகளின் சராசரி கீழே, வசதியானவர்களின் சராசரி மேலே என்பதில் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நம் பெரம்பூர்ச் சகோதரி பார்த்தது இரண்டு பேரை. 11 வருஷத்தில் பார்த்த எல்லாத் தாள்களையும் அடுக்கினால் என்ன வரும் என்று அவரே சொல்லட்டும்.

#5 பெரம்பூர்க்காரி (இரவு 11:20)

சார், நான் கூட்டிப் பார்த்ததில்லை, கையில் நினைவிருப்பதைச் சொல்கிறேன். வாரியக் குடியிருப்புகளில் 3, 4, 5 அதிகம். 7 அபூர்வம், அதனால்தான் அது எனக்கு நின்றது. பெரிய வீடுகளில் 6, 7, 8. கதவைத் திறக்காத வீடுகளைக் கணக்கில் சேர்க்க முடியாது.

#6 மீட்டர் மந்தவெளி (திங்கள், காலை 5:55)

சவாரிக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன். ஆட்டோ ஓட்டுகிறேன், 19 வருஷம். என் படி 4. ஏனென்று கேட்டால் பணம் கம்மி என்பதை விட, எவ்வளவு வரும் என்று தெரியாது என்பதுதான். ஒரு நாள் 1,600 ஓடும், அடுத்த நாள் 700. வண்டி வாடகை, கேஸ் இரண்டும் எந்த நாளும் குறையாது. 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 என்று அரசு மீட்டர் கட்டணம் போட்டது, பத்து வருஷத்துக்கு மேல் அதே கட்டணம் நின்றது. அதற்குள் கேஸ் என்ன ஆச்சு, வாடகை என்ன ஆச்சு என்று உங்களுக்கே தெரியும். நாங்கள் மீட்டருக்கு மேலே கேட்டால் திட்டுகிறீர்கள், உங்கள் கோபமும் நியாயம்தான், எங்கள் கணக்கும் இதுதான்.

என் மச்சான் ஒரு கம்பெனியில் டிரைவர். மாதம் 19 ஆயிரம். நல்ல மாதத்தில் நான் அவனை விட அதிகம் சம்பாதிப்பேன். இருந்தாலும் அவன் 7 என்பான். பொண்ணு ஸ்கூல் வேனுக்கு எந்தத் தேதியில் பணம் கட்டுவேன் என்று அவனால் சொல்ல முடியும், என்னால் முடியாது. பொண்ணு "எப்பப்பா கட்டுவ"ன்னு கேட்கும்போது பதில் சொல்லத் தெரியாமல் நிற்பது இருக்கிறதே, அதுதான் என் படி.

#7 வாத்தியார் (காலை 8:30)

மந்தவெளி நண்பரே, நீங்கள் காலை ஆறு மணிக்கு எழுதியதை ஒரு பெரிய ஆய்வு நம் ஊரிலேயே அளந்து பார்த்திருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேர். கரும்புப் பணம் வருஷத்தில் ஒரு தடவைதான் கைக்கு வரும். அறுவடைக்கு முன்னால் நகை அடகில் இருக்கும், கையில் காசு இருக்காது. அறுவடை முடிந்தால் கடன் அடையும். அதே ஆட்களுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை படப்புதிர் போன்ற சோதனைகள் வைத்தார்கள். பணத்துக்கு முன் மதிப்பெண் தெளிவாகக் குறைவு, பணத்துக்குப் பின் அதிகம். ஆள் அதே ஆள், மூளை அதே மூளை. கவலை அதில் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 2013இல் சயன்ஸ் இதழில் வந்தது. ஏழைக்குத் திட்டமிடத் தெரியவில்லை என்று வகுப்பில் நானே பேசியிருக்கிறேன், இதைப் படித்த பிறகு அந்தப் பேச்சை நிறுத்திவிட்டேன்.

#8 கண்ணகிநகர் 97 (காலை 10:40)

துரைப்பாக்கத்தான் அண்ணா, உங்கள் பின்கோடும் எங்கள் பின்கோடும் ஒன்றுதான், 600097. அதனால்தான் என் ரெஸ்யூமில் "துரைப்பாக்கம், சென்னை 97" என்று மட்டும் எழுதுவேன். நடுவில் "கண்ணகி நகர்" என்று இருக்கிற வரியை எடுத்துவிடுவேன், குடிசைகளிலிருந்து மாற்றப்பட்டவர்களின் குடியிருப்பு அது. முதல் வேலைக்குப் போனபோது முழு முகவரி எழுதினேன். எல்லாக் கேள்வியும் நன்றாகப் போனது, கடைசியில் அந்த மேடம் தாளைப் பார்த்து "ஓ, கண்ணகி நகரா" என்று சொல்லிவிட்டு வைத்த அந்த ஒரு நிமிஷ மௌனத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அப்புறம் போன் வரவில்லை. இப்போது வேறு இடத்தில் அக்கவுண்ட்ஸில் இருக்கிறேன், சம்பளம் 24 ஆயிரம், எங்கள் வீட்டில் இதுவரை யாரும் வாங்காத சம்பளம். படி 5 சொல்வேன். வருமானத்தை வைத்துப் பார்த்தால் 6 சொல்லலாம், முகவரி ஒரு படியை இறக்குகிறது.

சிந்தாதிரிப்பேட்டை கூவம் ஓரத்தில்தான் பிறந்தேன். அங்கே குடிசை, இங்கே கான்கிரீட். மழை ஒழுகாது, கழிவறை உள்ளே இருக்கிறது, எங்களை மாற்றியவர்கள் அதைத்தான் எண்ணினார்கள். அம்மா எழும்பூரில் நாலு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார், நடந்தே போவார். இங்கே வந்ததும் ஒரு நாளைக்கு பஸ்ஸில் மட்டும் மூன்று மணி நேரம். ஆறு மாதத்தில் நாலு வீடு ஒரு வீடாகியது. சித்தி, பெரியம்மா, பால் கடன் கொடுக்கும் கடைக்காரர், அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ஆயா, எல்லோரும் வேறு வேறு பிளாக், வேறு வேறு ஊர். அந்த ஆயாவுக்கு எந்த ஃபார்மிலும் கட்டம் இருக்காது, இல்லையா அக்கா?

இன்னொன்று, தூக்கம். ஒரே அறை, ஆறு பேர். தம்பி நைட் ஷிப்ட் முடிந்து வருவான், அப்பா இருமுவார், கொசு, கரண்ட் போனால் புழுக்கம். 10 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுந்தாலும் தூங்கின மாதிரியே இருக்காது. இதை யாரும் வறுமை என்று எண்ணுவதில்லை, ஆனால் எனக்கு ஒவ்வொரு நாளும் காலையில் முதலில் தெரிவது இதுதான்.

கடைசியாக, எங்கள் ஊர் பேரைச் சொல்லி யாராவது முகம் சுளித்தால் சொல்லுங்கள்: 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் கபடி அணியில் எங்கள் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அவர் ஊர் திரும்பிய அன்றைக்கு ஏணியைக் கொண்டு வந்து கேட்டிருந்தால் எங்கள் தெருவே 9 சொல்லியிருக்கும்.

#9 துரைப்பாக்கத்தான் (காலை 11:05)

தங்கச்சி, ஒரே பின்கோடில் எட்டு வருஷமாக இருக்கிறேன், இந்த வரி எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஆட்களைத் தேர்வு செய்யும் இடத்தில் இருக்கிறேன். முகவரி தெரியாமல் பயோடேட்டா பார்க்க முடியுமா என்று இன்றைக்கே எச்.ஆரிடம் கேட்கப் போகிறேன். உறுதி தர முடியாது, கேட்பேன்.

#10 வாத்தியார் (மதியம் 12:30)

அம்மா, உங்கள் தூக்கத்தையும் அளந்திருக்கிறார்கள், சென்னையிலேயே. குறைந்த வருமானக்காரர்கள் 452 பேருக்கு, தூக்கத்தை அளக்கும் கருவியைக் கையில் கட்டிப் பார்த்தார்கள். படுக்கையில் இருந்தது 8 மணி நேரம், உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம். இரவெல்லாம் விட்டு விட்டு விழிப்பு. பெரிய தூக்க நோய் இருப்பவர்களுக்கு நிகரான நிலை. அறிவுரையும் படுக்கை வசதியும் கொடுத்து ராத்திரித் தூக்கத்தை 27 நிமிஷம் கூட்டியும் வேலையிலோ மனநிலையிலோ மாற்றம் தெரியவில்லை. ஆனால் வேலை செய்யும் இடத்தில் மத்தியானம் அரை மணி நேரம் அமைதியாகப் படுக்க விட்டபோது வேலையும் மேம்பட்டது, மனமும் மேம்பட்டது. கெட்ட தூக்கம் கொஞ்சம் நீண்டதால் பலன் இல்லை, அமைதியான தூக்கம் கொஞ்ச நேரமே கிடைத்தாலும் பலன் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். 2021இல் வெளியானது.

இப்போது துரைப்பாக்கத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். 7 எப்படி 5ஐ விட மேலாகும்? ஆகாது, அப்படி நேராக ஒப்பிடக் கூடாது என்று விடாமல் வாதாடியவர் பொருளியலாளர் அமர்த்தியா சென். அடிபட்டு அடிபட்டுப் பழகிய மனம் ஆசையைச் சுருக்கிக்கொள்ளும், சின்ன விஷயத்தில் நிறைவு காணும், அதை வைத்து அவர் நிலை நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது தப்பு என்பார். அவர் எடுத்துக்காட்டும் ஒரு கணக்கு என்னை வருஷக்கணக்காகத் துரத்துகிறது. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த வருஷம், 1944இல், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூரில் ஒரு கணக்கெடுப்பு. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடம்பு சரியில்லை, சுமார்தான் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். அந்தக் காலத்தில் விதவைகள் எப்படிச் சாப்பிட்டார்கள், எப்படி நடத்தப்பட்டார்கள் என்று தெரிந்தவர்கள் அந்த 2.5ஐ என்னவென்று படிப்பது?

#11 நங்கநல்லூர் பாட்டி (மதியம் 3:15)

பேரன் இந்த இழையைக் காட்டினான். ஐபேடில் மெதுவாகத் தட்டுகிறேன், தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

அந்த 2.5 என் அம்மா. 1958இல் அப்பா போனார், அம்மாவுக்கு 29 வயது. ஒரு வேளைதான் சாதம். ராத்திரி இரண்டு வாழைப்பழம், அதுவும் எங்களுக்குக் கொடுத்தது போக இருந்தால். யார் வந்து "சௌக்கியமா" என்று கேட்டாலும் "எனக்கென்ன, நன்னா இருக்கேன்" என்பாள். கண் தெரியாமல் போய் ஒரு வருஷம் கழித்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. அரிசி புடைக்கும்போது கல்லை விரலால் தடவித் தடவி எடுத்தாள், அதைப் பார்த்துத்தான் அண்ணா டாக்டரிடம் அழைத்துப் போனான். தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல உரிமை இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது.

எனக்கும் அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. குடும்ப ஓய்வூதியம் மாதா மாதம் வருகிறது, சொந்த ஃப்ளாட், கீழே பூக்காரி தினம் பேச்சுக்கு உட்காருவாள். நான் கலர் புடவை கட்டுகிறேன், ராத்திரி டிபன் சாப்பிடுகிறேன், முட்டி வலிக்கிறது என்று எல்லோரிடமும் சொல்கிறேன். என் படி 6. அம்மா உயிரோடு இருந்து ஏணியைக் காட்டினால் 8 சொல்லியிருப்பாள். தயவுசெய்து அதை எழுதிக்கொள்ளாதீர்கள்.

#12 பெரம்பூர்க்காரி (மாலை 6:40)

பாட்டிம்மா, பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன்.

இனிமேல் கட்டம் இல்லாவிட்டாலும் ஏன் என்று கேட்டு ஓரத்தில் எழுதப் போகிறேன். மேலே இருப்பவர்கள் படிப்பார்களோ இல்லையோ, தாளில் இருக்கட்டும். இன்னொரு கேள்வியும் கேட்பேன்: போன வருஷம் எந்தப் படி?

#13 எளிமை விரும்பி (இரவு 8:20)

பாட்டி எழுதியதைப் படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன், தாத்தாவைப் பற்றிக் கேட்க. நாலு வேட்டிதான், அது நிஜம். ஆனால் ஏழு ஏக்கர் நஞ்சை இருந்தது, கிணறு இருந்தது, யாரிடமும் போய் நிற்க வேண்டிய நிலை ஒரு நாளும் இல்லை. ஊரில் எல்லோரும் எழுந்து நின்று பேசுவார்கள். அந்த நிலத்தில் வேலை செய்தவர்கள் திருப்தியாக இருந்தார்களா என்று கேட்டேன், அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் அந்தக் கேள்வி இதுவரை வந்ததில்லை. நான் எழுதியதில் ஆசையைப் பற்றிச் சொன்னதை இன்னும் நம்புகிறேன், என் போன்றவர்களுக்கு அது பொருந்தும். வருமானத்துக்குத் தொடர்பில்லை என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

#14 துரைப்பாக்கத்தான் (இரவு 9:30)

சார், எங்கள் ஆபீஸ் பயிற்சி வகுப்பில் எல்லாம் ஒன்று சொல்வார்கள், வருஷத்துக்கு 75 ஆயிரம் டாலருக்கு மேல் போனால் சந்தோஷம் கூடாது என்று. அது உண்மையா? கேட்பதற்குக் காரணம், வேலை போன என் நண்பன் ஒருவன். ஏழு மாதம் வீட்டில் இருந்தான். இப்போது முன்னை விட அதிகச் சம்பளத்தில் வேறு வேலை, ஆனால் பழைய ஆள் இல்லை. போன் அடித்தால் திடுக்கிடுகிறான், மேனேஜர் "ஒரு நிமிஷம் பேசலாமா" என்று மெசேஜ் போட்டால் கை நடுங்குகிறது என்கிறான். சம்பளம்தான் எல்லாம் என்றால் அவன் மேலே ஏறியிருக்க வேண்டும்.

#15 வாத்தியார் (இரவு 10:10)

75 ஆயிரம் டாலர் 2010இல் உளவியலாளர் கானமனும் பொருளியலாளர் டீட்டனும் எழுதியது. அதில் பாதியைத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு விதமாகக் கேட்டிருந்தார்கள். நேற்று சிரித்தீர்களா, கவலைப்பட்டீர்களா என்று அன்றாட மனநிலையைக் கேட்டதில்தான் அந்தத் தொகைக்கு மேல் ஏற்றம் நின்றது. ஏணிக் கேள்வியில் அதற்கு மேலும் ஏறிக்கொண்டே போனது. அப்புறம் 2021இல் கில்லிங்ஸ்வொர்த் என்பவர் அன்றாட மனநிலையும் நிற்கவில்லை என்று காட்டினார். கானமன் சண்டை போடாமல் அவரோடு உட்கார்ந்து 2023இல் சேர்ந்தே எழுதினார்: பெரும்பாலானவர்களுக்கு ஏறிக்கொண்டுதான் போகிறது, ஏற்கெனவே ரொம்ப மனவருத்தத்தில் இருக்கும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பேருக்குத்தான் ஓர் அளவுக்கு மேல் பணம் உதவுவதில்லை என்று. ஒரு பெரிய அறிஞர் தன் முடிவைத் தானே திருத்தினார், அது எனக்குப் பிடித்த விஷயம்.

உங்கள் நண்பர் விஷயம் நன்றாக அறியப்பட்டது. ஜெர்மனியில் ஒரே ஆட்களை 15 வருஷம் தொடர்ந்து கேட்ட கணக்கு இருக்கிறது, 2004இல் வந்த கட்டுரை. வேலை போனவர்கள் மறுபடி வேலை கிடைத்த பிறகும் சராசரியாகப் பழைய படிக்குத் திரும்பவில்லை. எதற்கும் மனம் பழகிக்கொள்ளும் என்று நினைத்தவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. நண்பரோடு அடிக்கடி பேசுங்கள் தம்பி.

#16 கண்ணகிநகர் 97 (இரவு 10:45)

அம்மாவிடம் ஏணியை வரைந்து காட்டினேன். முதலில் 4 என்றார். அப்புறம் 5 என்று மாற்றினார். ஏன் என்றால் பஸ் என்கிறார். 2021 மே மாதம் பெண்களுக்கு சாதா பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆனதிலிருந்து சிந்தாதிரிப்பேட்டையில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்க மாதம் இரண்டு முறை போகிறார். முன்பெல்லாம் பொங்கலுக்கு ஒரு தடவை. மிச்சமாகும் பணம் பற்றிப் பேசவே இல்லை, அப்பாவிடம் கேட்காமல் கிளம்ப முடிகிறது என்றுதான் சொன்னார். பஸ் வர லேட்டானால் நின்றுகொண்டே இருப்பேன், பரவாயில்லை என்கிறார்.

#17 மீட்டர் மந்தவெளி (இரவு 11:30)

எல்லாம் படித்தேன். நிறையப் படித்தவர்கள் இருக்கும் இடத்தில் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். நாங்கள் வீடு மாற வேண்டியிருக்கிறது. பார்த்த வீட்டுக்கு வாடகை 8,000, அட்வான்ஸ் பத்து மாதம், 80,000. அதற்குத் தண்டலில்தான் வாங்க வேண்டும். அந்தப் பெரும்பாக்கத்து அக்கா மாதிரி எனக்கும் அட்டை மேல் அட்டை விழும். இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

#18 வாத்தியார் (இரவு 11:41)

அவசரப்பட்டுத் தண்டல் வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் 2017இல் வாடகைச் சட்டம் ஒன்று வந்தது, 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. உங்களுக்கு அது 24,000. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதாவது இருந்தால் பிடித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. பத்து மாதம் என்று எழுதின தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பேச முடியாது, அதனால் எழுதுவதற்கு முன்னால் பேசுங்கள். சட்டம் என்று ஆரம்பித்தால் வீட்டுக்காரர் வேறு ஆள் பார்ப்பார், அதுவும் நடக்கும். மூன்று மாதம் இப்போது, மிச்சத்துக்குப் பதில் வாடகை ஐந்தாம் தேதிக்குள் என்று பேசிப் பாருங்கள்.

#19 மீட்டர் மந்தவெளி (இரவு 11:58)

நன்றி சார். அந்த வீட்டு அம்மா நல்லவங்கதான், ஒரு தடவை எக்மோர் சவாரி வந்திருக்காங்க. நாளைக்குக் காலையில் ஸ்கூல் டிரிப் முடித்துவிட்டு என் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுகிறேன். ஐந்தாம் தேதி என்று வாக்குக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை, பத்தாம் தேதி என்று கேட்கிறேன்.